ரூட்டரில் நான் காலியாக விட்ட இடம்

ஸ்டெல்லாவின் வேலையைக் கெடுத்தவள் நான். இன்டர்நெட் கம்பெனி அல்ல, டெல்லி மழையும் அல்ல... நான்தான்!

முனிர்காவில் ஒரே அறையில் இருந்தோம். அவள் தூத்துக்குடிக்காரி, வேலை தேடிக்கொண்டிருந்தாள். நான் குர்கானில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்ப்பவள். எனக்குத் தெரியாததா என்கிற திமிர் நிறையவே உண்டு.

நீங்கள் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அதன் எண் முகவரியை யாராவது தேடித் தர வேண்டும். டிஎன்எஸ் என்பது அதுதான். வீட்டு ரூட்டர் அந்தக் கேள்வியை வெளியே அனுப்பிப் பதில் வாங்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாக் கேள்விகளும் என் பழைய லேப்டாப்புக்கே போகும்படி மாற்றினேன். விளம்பரங்களை அது வடிகட்டிவிடும். அது படுத்துவிட்டால் வேறு எங்கே கேட்பது என்று சொல்ல, ரூட்டரில் இரண்டாவது முகவரிக்கும் இடம் இருந்தது. கொடுத்தால் அந்த வழியாக விளம்பரம் நுழைந்துவிடுமே... காலியாக விட்டேன்.

"இன்டர்வியூ முடியுத வரைக்கும் ரூட்டரத் தொடாதளா" என்று ஸ்டெல்லா முன்பே கெஞ்சியிருந்தாள். தொடவில்லை என்றேன். தொட்டிருந்தேன்!

ஸ்டெல்லாவின் ஆன்லைன் நேர்காணல் நாளன்று என் ஆபீஸ் லேப்டாப்பின் சார்ஜர் வேலை செய்யவில்லை. பழையதன் சார்ஜரை உருவிப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன். பழையதற்கோ பேட்டரி செத்துப் பல மாதமாகிறது. அது அணைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம்புவீர்களா?

எங்கள் சந்தில் அறைக்குள் மொபைல் சிக்னல் எட்டாது. ஸ்டெல்லா மொட்டைமாடிக்கு ஓடிப்போய் என்னை அழைத்தாள்.

"ஏளா, நெட் போச்சு! வைஃபை காட்டுது, ஒண்ணும் திறக்க மாட்டேங்கு... இன்டர்வியூக்கு இப்பக் கூப்பிட்டுருவாங்களே!"

கேட்ட நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ரூட்டரில் என் லேப்டாப்பின் முகவரி உள்ள ஒரு வரியை அழிக்கச் சொன்னால் போதும்... சொன்னேனா?

"லைன்ல பிரச்சினையா இருக்கும், நெட் கம்பெனிக்கு போன் போடு" என்றேன். வெட்கம்! வெறும் வெட்கத்துக்காக!

மொட்டைமாடியில் நின்றே நேர்காணலுக்கு மொபைலில் பேசிப் பார்த்தாள். படம் நின்று நின்று வந்து, பாதியில் அறுந்தது. மறுபடி அவர்கள் கூப்பிடவில்லை.

மாலையில் நான் வந்து பழைய லேப்டாப்பில் சார்ஜரை மாட்டிய பிறகு லைன்மேன் வந்தார். "லைன் டீக் ஹை, தீதி", லைன் சரியாகத்தான் இருக்கிறது அக்கா என்றவரை இருவரும் சேர்ந்து திட்டினோம். அதிகம் திட்டியது நான்.

ஸ்டெல்லா இப்போது நொய்டாவில், வேறு ஏதோ ஒரு சுமாரான வேலையில் இருக்கிறாள். போன ஞாயிறு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா சரியாயிருக்குமா?"

"ஆயிருக்கும். ரெண்டு நிமிஷ வேலை."

பையைக் கை மாற்றிக்கொண்டாள். "எனக்குத்தான் ராசியில்லன்னுல்லா இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்தேன்... இத இப்ப எதுக்குளா எங்கிட்ட சொல்லுத?"

எதற்கென்று எனக்குத் தெரியும். கடைக்காரருக்கு அப்பளக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

ஆனாலும் எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா! நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கிப்போனேன். ஸ்டெல்லா தூங்கினாளா என்று கேட்க மட்டும் இன்னும் போன் செய்யவில்லை...