முப்பத்தெட்டாவது பெயர்

என் மனைவி கிருஷ்ணகுமாரி, கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஒபிஸில் கொம்பியூட்டர் பார்க்கிறாள். மழை, அட்டை, தோட்டத்தை நடத்தும் துரை மூன்றுக்கும் அவள் பயப்படமாட்டாள். பயப்படும் ஒரே ஆள், அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் அம்மா மூக்காயி.

காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை, கொம்பியூட்டர் அடித்துத் தரும் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். முதல் பெயருக்கு முதல் தேயிலை நிரை. அவர்தான் முதல் கொழுந்தைக் கிள்ளி, விளைச்சல் பெருக "பொலியோ பொலி" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒன்பது வருடமாக அந்த முதல் பெயர் அம்மாவுடையது. "கொம்பியூட்டருக்கே தெரியுது, யாரு மூத்த கைன்னு" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிவார்.

போன மாதம், பெயர்களை வைத்திருக்கும் டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றும்படி கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. குமாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினாள். பழையதில் நாற்பத்து மூன்று பெயர், புதியதிலும் நாற்பத்து மூன்று. "ஒருத்தருக்கும் வித்தியாசமே தெரியாது சேர்" என்று துரையிடம் வாக்கும் கொடுத்துவிட்டாள். அந்த வாயை நானும் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கள் காலை முதல் பெயர் சரோன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமான பெண். என்ன சொல்வதென்று தெரியாமல், கொழுந்தைக் கிள்ளி "தேங்க் யூ" என்றாள். அம்மா முப்பத்தெட்டாவது. கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே வீட்டுக்கு நடந்தார். பொலி சொல்லாத மலையில் கை வைக்கமாட்டோம் என்று மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

துரை குமாரியைக் கூப்பிட்டார். "நாளைக்கு பெரட்டுக்கு முந்தி இத ஹரி பண்ணுங்க, பழைய மாதிரி வரணும். இல்லாட்டி பழையபடி கையால எழுதுற கொப்பிதான்."

கொப்பி வந்தால் கொம்பியூட்டர் போகும். கூடவே குமாரியின் வேலையும் போகும்.

"ஏன்டா பிரதீபா, ஒம் பொண்டாட்டி என்னைய எங்கடா கொண்டுபோய் வச்சிருக்கா?" என்று அம்மா வாசலில் நின்று கத்த, நான் ஓட்டிவந்த கொழுந்து லொறியை ஓரங்கட்டிவிட்டு, குமாரிக்குச் சோற்றுப் பார்சலோடு ஒபிஸுக்கு ஓடினேன்.

பழைய டேட்டாபேஸை அவள் இன்னும் அழிக்கவில்லை. ஒரே கேள்வியை இரண்டிலும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்கள் அதே, வரிசை மட்டும் வேறு. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க, வரிசையா அடுக்குன்னு நான் சொல்லவே இல்லங்க! ஆளுக்கொரு வரியா சேத்துக் குடுன்னுதான் கேட்டிருக்கேன். பழசு கேக்காமலே அடுக்கியும் குடுத்துருக்கு. புதுசு கேட்டத மட்டுந்தான் குடுக்குது."

"அப்போ பழசுதான் நல்ல மருமக" என்றேன். பேனா பறந்து வந்தது.

பதிவு எண்படி அடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். எண்ணை எண்ணாகவே எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக. திரையில் முதல் பெயர் வந்தது: தங்கம்மா.

 அம்மாவும் லயத்தில் பக்கத்துக் காம்பரா தங்கம்மாவும் குழாயடியில் சண்டை போட்டுப் பேச்சை விட்டு வருடக்கணக்காகிறது. முந்திச் சேர்ந்தவருக்குச் சின்ன எண்; தங்கம்மாவின் எண் 958. அம்மாவின் எண் 1007. பழைய டேட்டாபேஸில் எண்கள் வெறும் எழுத்தாகப் பதிந்திருந்தன. அது முதல் இலக்கத்தைத்தான் பார்த்திருக்கிறது. ஒன்று முன்னால், ஒன்பது பின்னால். மூத்த கையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை.

"நியாயப்படி தங்கம்மா அக்காதாங்க மொதல்ல வரணும்" என்றாள் குமாரி. குரல் இறங்கிவிட்டது. சோற்றுப் பார்சலை ஒரு பக்கம் தள்ளிவைத்தாள். பிறகு சேர்த்த வரியைத் திருத்தி, எண்ணை மறுபடி எழுத்தாக அடுக்கச் சொன்னாள். அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதினாள்: "இது பிழை. திருத்த வேண்டாம். காரணம் எங்கள் வீட்டில் இருக்கிறது."

மறுநாள் அம்மாவின் பொலி லொறி வரைக்கும் கேட்டது. "பாத்தியா, புதுசுக்கும் தெரிஞ்சிருச்சு!" என்றார் மாலையில். "ஆமாங்க அத்தை" என்றாள் குமாரி, என் காலை மிதித்துக்கொண்டே.

அன்றிலிருந்து குழாயடிக்குத் தங்கம்மா வந்தால், குமாரி தன் குடத்தை நகர்த்தி அவருக்கு இடம் விடுகிறாள். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஏன்டி, அவளை எதுக்கு முன்னுக்கு விடுற?"

"வரிசைப்படி அவங்கதான் மொதல்ல, அத்தை."