பங்களா மணி

இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவைச் சுற்றிப் பார்த்தோம். ஐம்பதுகளில் இருந்தபடியே புதுப்பித்திருக்கிறார்களாம்.

மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, ஆரஞ்சு சோபா. மஸ்கெலியா மாரியம்மன் தேர்கூட இவ்வளவு சாயம் கண்டதில்லை.

கூட வந்த என் அம்மா அந்தக் குசினியில் பதினாறு வருஷம் சமையல் வேலை செய்தவர். சுற்றிக்காட்டிய கொழும்புக்காரப் பெண்ணிடம் சொன்னேன்.

"சோ ஸ்வீட்!" என்றாள்.

ஹோலில் ஒரு பித்தளை மணி தொங்கியது.

"எல்லாச் சாமானும் முந்தி இருந்த இடத்திலயே வச்சிருக்கம்" என்றாள்.

அம்மா மெதுவாகச் சொன்னார்: "மணி குசினியிலங்க இருந்துச்சு. இங்க கயிறு மட்டுந்தான். தொர இழுத்தா நாங்க ஓடியாரணும்."

"இங்கதான் ஆன்ட்டி போட்டோவுக்கு வடிவு."

அந்நேரம் பார்க்க வந்த ஒருவர் விளையாட்டாக மணியை அடித்தார். அம்மா குசினிப் பக்கம் நாலு எட்டு வைத்த பிறகுதான் நின்றார்.

எல்லாரும் சிரித்தார்கள்.

வாசலில் அந்தப் பெண் கருத்துப் புத்தகத்தை நீட்டினாள். "மணி இன்னும் நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதினேன்.

வாசித்துவிட்டு, சந்தோஷமாக "தேங்க்யூ" என்றாள்.

இதற்கு மேல் எந்தத் தமிழில் எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.