வலித்ததா என்று கேட்டவள்

இது நடந்தது ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரில். ஒரு தைப்பூசத்தன்று காலையில் தொடங்கி மறுநாள் சாயந்திரம் முடிந்தது. அப்போது நான் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் லேத்தில் இரும்பு கடையும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது சாமி உண்டு என்றால் "எங்கே, காட்டு" என்பேன். இல்லை என்றால் "இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அதற்கும் மல்லுக்கு நிற்பேன். கோப்பிக் கடையில் இரண்டு கட்சிக்காரர்களும் என்னைக் கண்டால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். லேத் ஓட்டுகிறவனுக்கு இந்தக் குணம் தானாக வந்துவிடும் போலிருக்கிறது. அளந்து பார்க்காமல் ஒரு சாமானையும் சரி என்று கொடுக்க முடியாதே!

அதற்கு முந்தின வருஷம்தான் என் மனைவிக்குக் காசநோய் கண்டது. டவுனில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நோயின் பெயர் வெளியே தெரிந்ததும் பட்டறை குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள். குழாயடியில் என் வாளியை மட்டும் தள்ளி வைத்தார்கள். வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வேலை விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. தினமும் சோறு மிஞ்சும்.

பட்டறையில் பக்கத்து லேத்தில் நின்ற நண்பர் ஒருவர்தான் முன்போலவே என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். என் வயசுதான் அவருக்கும். வருஷா வருஷம் காவடி எடுப்பவர். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை.

ஒரு நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நோய் இரண்டு நுரையீரலிலும் பரவியிருக்கிறது, மருந்து பிடித்துக்கொண்டால் பிழைப்பாள், இல்லாவிட்டால் சொல்வதற்கில்லை என்று தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதை நண்பரிடம் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

"நீதான் எல்லாத்துக்கும் ஆதாரம் கேப்பியே. இது நம்பிக்கை இல்ல லா, கண்ணால பாக்குற விஷயம். பக்தியோட வேல் குத்துனா ரத்தம் வராது, வலிக்காது. நீயே குத்திப் பாரு. வலிக்கலன்னா முருகன் ஏத்துக்கிட்டான், உன் சம்சாரம் பொழச்சுக்கும்."

வேறு நாளாக இருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்றைக்கு வாதாடத் தெம்பில்லை. அது மட்டுமில்லை, அவர் சொன்னது உண்மையாக இருந்துவிட வேண்டுமே என்று மனசு கிடந்து தவித்தது. சோதித்துப் பார்க்கலாம் என்கிறாரே, அந்த வார்த்தை என்னை இழுத்துக்கொண்டு போனது. சரி என்றேன்.

விரதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு மண்டலம் ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை, பச்சைத் தண்ணீர்க் குளியல். வேலையில் எப்படியோ அப்படித்தான் இதிலும் இருந்தேன்.

அப்போதெல்லாம் தைப்பூசத்துக்கு ஊரெங்கும் லீவு. சிராங்கூன் ரோட்டுக் கோவிலில் விடியற்காலையிலேயே ஈர வேட்டியோடு போய் நின்றேன். மேளமும் நாதஸ்வரமும் காதைக் கிழித்தன. வேல் குத்துகிறவர் என் நாக்கைப் பிடித்து இழுத்தார். சுற்றி நின்றவர்கள் "வேல் வேல்" என்று கத்தினார்கள்.

வலித்தது ஐயா, வலித்தது! கண்ணில் பொறி பறந்தது. நாக்கோடு போகாமல் இரண்டு கன்னத்திலும் இன்னொரு வேலைக் கோர்த்தபோது நண்பர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டேன். வாயில் உப்புக் கரித்தது. ரத்தம். குத்துகிறவர் ஒரு பிடி விபூதியை வைத்து அழுத்தினார். நண்பர் அதைப் பார்த்துவிட்டார். முகம் சுண்டிப்போனது அவருக்கு. என் காதருகே குனிந்து மெல்லக் கேட்டார், "விரதத்துல ஏதாச்சும் குறை வச்சுட்டியா?"

பதில் சொல்ல முடியாதபடி வாயைத்தான் பூட்டியாகிவிட்டதே.

காவடியைத் தோளில் ஏற்றினார்கள். சிலிகி ரோடு தாண்டி டேங்க் ரோடு முருகன் கோவில் வரைக்கும் நடந்தேன். வழி நெடுகத் தார் ரோட்டில் தண்ணீர் ஊற்றிக் காலைக் குளிர வைத்தார்கள். சீனர்கள்கூடக் கை கூப்பினார்கள். அத்தனை ஜனத்துக்கு நடுவில் அன்றைக்கு நான் பட்ட தனிமையை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல வரவில்லை. முன்னாலும் பின்னாலும் காவடிகள் ஆடிக்கொண்டே போயின. அவர்கள் முகத்தில் வலி இருந்த மாதிரியே தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் வலிக்கிறதா என்று ஒருவரிடமாவது கேட்க வேண்டும். கேட்க எனக்கு வாயில்லை, சொல்ல அவர்களுக்கும் வாயில்லை.

பட்டறையில் அளவு ஒத்து வரவில்லையென்றால் சாமானையும் பார்ப்போம், அளக்கிற கருவியையும் பார்ப்போம். இங்கே கருவியைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். குறை என்னிடம்தான். என்னால்தான் அவள் சாகப் போகிறாள். நடக்க நடக்க இது ஒன்றே மண்டைக்குள் ஓடியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

டேங்க் ரோடு கோவிலில் வேல்களை எடுத்தபோது முன்பின் தெரியாத ஒருவர் என் முதுகைத் தட்டி, "பாத்தீங்களா, வலியே இல்லைல்ல?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த காவடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் வேலை விட்டதும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாக்கு வீங்கிச் சரியாகப் பேச்சு வரவில்லை. வலிக்கவே இல்லை என்று அவளிடம் சொல்லிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டேன். பாவம், கொஞ்சம் தெம்பாவது வரட்டுமே.

நீளமான வார்டு. வராந்தாவை ஒட்டி அவள் கட்டில். இன்னும் மெலிந்திருந்தாள். என் கன்னத்தில் விபூதி அப்பியிருந்த இடத்தையே பார்த்தாள். விரலை அதன் அருகில் கொண்டுவந்து, தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"வலிச்சுதாங்க?"

இத்தனை நாளில் எல்லாரும் எனக்கு வலிக்காது என்று சொன்னார்களே தவிர, வலித்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. யோசித்து வைத்திருந்த பொய்யை விட்டுவிட்டேன்.

"ரொம்ப வலிச்சுது" என்றேன். "ரத்தமும் வந்துச்சு."

சொல்லிவிட்டு ஐயோ, கெடுத்துவிட்டேனே என்று பதறினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ பெரிதாக மூச்சு விட்டாள்.

"எனக்கும் வலிக்குதுங்க. தெனமும் ஊசி போடுறப்ப நர்ஸு வலிக்காது வலிக்காதுங்குறாங்க. முருகா முருகான்னு சொல்லிக்கிட்டேதான் படுத்திருக்கேன், அப்பவும் வலிக்குது. எனக்குத்தான் பக்தி பத்தலையோன்னு பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லல."

 நான் அங்கே டேங்க் ரோட்டில் எதைச் சுமந்துகொண்டு நடந்தேனோ, அதையே இவள் இங்கே கட்டிலில் கிடந்து மாதக்கணக்காகத் தனியாகச் சுமந்திருக்கிறாள்! அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓவென்று அழுதேன். பக்கத்துக் கட்டில் சீன அம்மா எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

அவள் சிரித்தாள். "நல்ல ஆளு போங்க. வலிக்கலன்னா எனக்காக நீங்க என்னத்த செஞ்சதா ஆகும்?"

அவள் கையை விடாமல் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். வராந்தாவில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பிழைப்பாளா என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது, ஆனால் பயம் போய்விட்டது. கோவிலில் கிடைக்கும் என்பார்களே, அந்த நிம்மதி எங்கிருந்தோ வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. எனக்குத்தான் இப்படித் தோன்றுகிறதா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணை மூடியபடி அவளே கேட்டாள், "நம்மகூட யாரோ இருக்குற மாதிரி இல்ல?"

"ஆமா" என்றேன்.

மருந்து பிடிக்கவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே அவள் போய்விட்டாள். காரியத்தன்று என் நண்பர் கண் கலங்க, "அன்னைக்கே நெனச்சேன், ரத்தம் வந்துச்சேன்னு" என்றார். வாயாடியான நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து பட்டறையில் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

இப்போதும் கோவில் மண்டபத்தில் யாராவது சொற்பொழிவு செய்கிறார்கள். ஆன்மிகம் நம்பிக்கையா, அறிவா என்று அலசுகிறார்கள். என் பழைய குணம் தெரிந்தவர்கள் வாயைக் கிளறிப் பார்ப்பார்கள். வேல் குத்தினால் வலிக்கும், அது எனக்குத் தெரியும். வலிக்காதவர்கள் இருந்தால் நன்றாக இருக்கட்டும், அவர்கள் நாக்கு என்னிடம் இல்லை. மற்றபடி அந்தச் சாயந்திரம் அந்தக் கட்டிலோரம் எங்களோடு யாரோ இருந்தது நம்பிக்கை இல்லை, நான் அறிந்தது; ஆனால் கேட்டால் ஆமாம் என்று சொல்ல இருந்த ஒரே ஒருத்தியும் போய்விட்டதால், அதை நான் தனியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறேன்.