சீஃப் கான்ஸ்டபிள் பார்க்காத காட்சி

லொரைன் என்ட்விசில் இங்கிலாந்தில் தன் கவுண்டியின் சீஃப் கான்ஸ்டபிள், அதாவது அந்த மாவட்டப் போலீசுக்கே தலைமை அதிகாரி, ஆன செய்தி வந்த அன்று, கீத் டக்வொர்த் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. சந்தோஷச் சிரிப்புதான். பஸ் கண்டக்டர் மகள் அவள். பத்தொன்பது வயதில் போலீஸ் படையில் சேர்ந்தபோது ஆண்களுக்கு முழு நீளத் தடி கொடுத்தார்கள். பெண்களுக்கு ஒரு கைப்பையும் அதற்குள் அடங்குகிற குட்டைத் தடியும். அந்தப் பையை மாட்டிக்கொண்டு கால்டன்ஷா ஊரின் மில் தெருக்களில் கீத்தோடு ரோந்து நடந்தவள், இன்று மூவாயிரம் பேருக்குத் தலைவி. கீத் சார்ஜென்டாகவே ஓய்வு பெற்றான். வீட்டில் சும்மா கிடக்கப் பிடிக்காமல் திரும்பி வந்து அவளுக்கே கார் ஓட்டினான். மற்றவர் முன்னால் அவள் ‘மேடம்’. கார்க் கதவைச் சாத்தியதும் ‘ஏம்மா’.

அவளைப் பற்றிக் கேட்டால் கீத் ஒரு சம்பவத்தைத்தான் சொல்லுவான். அவள் இன்ஸ்பெக்டராக இருந்தபோது, போலீஸ் கார் துரத்தியதில் ஒரு பையன் செத்துப்போனான். முந்நூறு பேர் ஸ்டேஷனை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே ஆளுக்கொரு கேடயத்தைத் தேடிக்கொண்டிருக்க, லொரைன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் நின்றாள். ‘எனக்குத் தெரிஞ்சது இது, தெரியாதது இது’ என்று பிரித்துப் பிரித்துச் சொன்னாள். தெரியாததுதான் நிறைய இருந்தது. பையனின் அப்பா அவளருகே படியில் உட்கார்ந்து அழுதார். கூட்டம் கலைந்தது. கீத் கதவிடுக்கில் நின்று பார்த்தான். இப்படியும் ஒருத்தி உண்டா என்று அன்றைக்கு வியந்தவன் இன்னும் வியப்பு தீராமல்தான் இருந்தான்.

அதனால்தான் எண்பத்து மூன்றாம் வருடத்து நவம்பரை அவன் யாரிடமும் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் ஒரு நகைக்கடைக் கிழவரை யாரோ இரும்புக் கம்பியால் அடித்துப்போட்டு ஓடினார்கள். கீத் துரத்திக்கொண்டு கால்வாய்க்கரை முனையைத் திரும்பும்போது, தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கரையில் டெரி பில்லிங் என்ற இளைஞன் நின்றான். எறிந்தது யார் என்று கீத் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டான். லொரைன் அரை நிமிடம் கழித்து வந்தாள். அவளுக்குச் சத்தம்கூடக் கிடையாது. ‘எறிஞ்சவன் அந்தப் பக்கமா ஓடிட்டான்’ என்று டெரி கத்தியதை யார் கேட்டார்கள்?

பிறகு கேன்டீனில் தேநீரும் பன்றிக்கறி சாண்ட்விச்சுமாக உட்கார்ந்து, சாட்சிக்கான நோட்டுப் புத்தகம் எழுதினார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவார். இரண்டு நோட்டும் ஒரே மாதிரி இருந்தால் கோர்ட்டில் வக்கீல் வாயைத் திறக்க முடியாது என்பது ஸ்டேஷன் ஞானம். ‘கம்பியை அவன் கால்வாயில் எறிந்ததைக் கண்டேன்’ என்று கீத் சொன்னான். லொரைனும் அதையே எழுதினாள், கோர்ட்டில் சத்தியம் செய்து அதையே படித்தாள். டெரிக்கு ஐந்து வருடம் கிடைத்தது.

இருபத்தொன்பது வருடம் கழித்து, சாகக் கிடந்த ஒருவன் கிழவரை அடித்தது தானே என்று நர்சிடம் சொல்லிவிட்டுப் போனான். வழக்கு லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. இரண்டு போலீஸ்காரர்கள் கண்ணால் கண்டதாக இருக்கும்வரை செத்தவன் வார்த்தை செல்லாது. காலையில் லொரைன் சாட்சி, மதியம் கீத்.

லண்டனுக்கு நாலரை மணி நேரம், விடியுமுன்பே கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் ஏறியதும் கீத் ஆரம்பித்தான்.

“ஏம்மா, நாம ரெண்டு பேரும் ஒண்ணாவே சொல்லிட்டா...”

“ஒண்ணாச் சொன்னதுதான் வம்பே. ரோட்டப் பாரு.”

“இல்ல, உன் பேரு கெட்டுருமேன்னு சொன்னேன். பொய்ச் சத்தியம்னு உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. முப்பத்தஞ்சு வருஷம், லொரைன்.”

“கேஸப் பத்தி இன்னும் ஒரு வார்த்த பேசின, அடுத்த நிறுத்தத்துல இறங்கி ரயில்ல போயிருவேன். பிஸ்கட் வேணுமா?”

“வேணாம்.”

“அப்ப எனக்கே இருக்கட்டும்.”

நாலரை மணி நேரமும் அவள் பிஸ்கட் தின்றாள், மழையைத் திட்டினாள், கீத்தின் மனைவி சான்ட்ராவின் முழங்கால் வலியை விசாரித்தாள். நீ என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் கீத் பொய்யாவது சொல்லியிருப்பான். கேட்காததால் அதற்கும் வழியில்லை.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் கல் பெஞ்சு. சாட்சி சொல்லப்போகிறவன் உள்ளே போகக் கூடாது என்பதால் கீத் அங்கேயே காத்திருந்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. ஜெயிலுக்கும் பயந்தான், சான்ட்ராவின் முகத்துக்கு அதைவிடப் பயந்தான். ஒரு மணிக்குக் கதவு திறந்தது. இரண்டு நிருபர்கள் போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்தார்கள்.

“ஆமாங்கிறேன், சீஃப் கான்ஸ்டபிளே சொல்லிட்டாங்க. எதையும் பாக்கல, கூட இருந்தவர் சொல்லச் சொல்ல எழுதினேன்னு. இல்ல, யாரும் கட்டாயப்படுத்தல, தப்பு என்னுதுன்னாங்க. கூட இருந்தவர் பாத்தாரான்னு ஜட்ஜ் கேட்டாரு. அது அவர் கண்ணு, அவர்தான் சொல்லணும்னுட்டாங்க.”

பின்னாலேயே லொரைன் வந்தாள். சாட்சி சொன்னவள், சொல்லப்போகிறவனிடம் பேசக் கூடாது. அவள் பேசவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதவி, பட்டம், பிரிவுபசார விருந்து எல்லாவற்றையும் அந்த அறைக்குள் விட்டுவிட்டு வந்தவள், ரோந்து போகிறவள் மாதிரி நிதானமாக அவனைக் கடந்து போனாள். முந்நூறு பேர் முன்னால் நின்றதெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை என்று கீத்துக்குத் தோன்றியது. தன் தப்பைத் தானே காட்டிக்கொடுத்தவள், அவனைக் காட்டிக்கொடுக்காமல் விட்டிருக்கிறாள். ‘பார்த்தேன்’ என்று ஒரே ஒரு பொய் போதும், அவன் வீட்டுக்குப் போய்விடலாம்.

கடைசியாக டெரி பில்லிங் வந்தான். ஐம்பத்திரண்டு வயதிலேயே கிழவனாகியிருந்தான். பொருந்தாத கோட்டு. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, கையில் இருந்த சாண்ட்விச்சைப் பிரிக்காமல் வைத்திருந்தான். கீத்தை அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

கீத் எழுந்து போய் அவன் முன்னால் நின்றான்.

“நீ எறிஞ்சு நான் பாக்கல,” என்றான். “சத்தம்தான் கேட்டுச்சு. அவ்வளவுதான்.”

டெரி அவனை அண்ணாந்து பார்த்தான். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

“எனக்குத் தெரியாததா அது? நான்தான அங்க நின்னேன்,” என்றான். “உள்ள போய்ச் சொல்லுய்யா.”