பாரிஸில் கறுப்பு அமெரிக்கர்களின் தெருக்களில் அம்மாவும் நானும்

பாரிஸ் நகரத்தின் ஒரு பழக்கம் எனக்குப் புரிவதற்கு வெகு நாள் ஆயிற்று. சாத்திக் கிடக்கும் ஒரு கட்டடத்துக்கு எதிரே, நடைபாதையில், ஒரு கூட்டம் நின்றுகொண்டு மேல்மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கும். ஜன்னலில் யாரும் இருக்க மாட்டார்கள். முன்னால் நிற்பவர் ஏதோ சொல்வார், சிலர் தலையசைப்பார்கள், யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிறகு எல்லோரும் அடுத்த தெருவுக்குப் போய் இன்னொரு சாத்திய கதவைப் பார்ப்பார்கள். போன வருடம் குளிர் விட்ட பிறகு, தேனிப் பக்கம் இருக்கும் கம்பத்திலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த அம்மா, இப்படி ஒரு கூட்டத்தின் நடுவே என்னோடு நின்றபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உள்ள யாரு இருக்காக?"

"இப்ப யாரோ இருப்பாகம்மா. முன்ன ஒரு எழுத்தாளர் குடியிருந்தாராம். செத்துப் போயிட்டாரு."

"பெறகு கதவ எதுக்குப் பாக்குறாக?"

கூட்டத்தின் முன்னால் மடக்கிய குடையை உயர்த்திப் பிடித்து நின்ற லொரெட்டா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, உன் அம்மா என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கட்டடம் அழகாக இருக்கிறதாம் என்று சொல்லிவைத்தேன்.

லொரெட்டா யார் என்று சொல்லிவிடுகிறேன். அறுபது வயதைத் தாண்டிய கறுப்பு அமெரிக்கப் பெண்மணி. ஜார்ஜியா மாநிலத்தில் பருத்தி விளையும் ஒரு சிற்றூரில் பிறந்தவர். படிக்க வந்த இடத்தில் பாரிஸிலேயே தங்கிவிட்டார். சனிக்கிழமைதோறும் ஆட்களை அழைத்துக்கொண்டு நடப்பார். அவருடைய மக்கள் அமெரிக்காவிலிருந்து தப்பித்தும், போர்வீரர்களாக வந்தும், பாடவும் எழுதவும் படம் வரையவும் வந்தும் வாழ்ந்த வீடுகளையும் விடுதிகளையும் காட்டுவார். நான் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். தேனியில் கேட்டரிங் படித்துவிட்டு, சென்னை, துபாய் என்று சுற்றி இங்கே வந்தவன். எங்கள் ஹோட்டலுக்கு வரும் கறுப்பு அமெரிக்க விருந்தினர்கள் பலர் லொரெட்டாவின் நடைக்காகவே வருகிறவர்கள். அந்தப் பழக்கத்தில், ஒருநாள் உன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வா என்று அவர் சொல்லியிருந்தார். மனைவிக்கு அன்று வேலை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பிகால் பகுதியின் சரிவான தெரு ஒன்றில் மருந்துக்கடை ஒன்றின் முன்னால் நின்றோம். ஒரு காலத்தில் இங்கே ஜாஸ் விடுதி இருந்தது என்றார் லொரெட்டா. முதல் உலகப்போரில் சண்டையிட வந்த கறுப்பு வீரர்களில் சிலர் ஊர் திரும்பவில்லை. திரும்பினால் தங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கடையில் வெள்ளைக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார முடியாது. இங்கே எந்தக் கஃபேயிலும் நுழைந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம். "அந்த ஒரு காப்பிக்காகவே தங்கியவர்கள் உண்டு" என்றார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா சற்று நேரம் மருந்துக்கடையின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மூரு டீக்கடையில தனிக் கிளாசு வச்சிருந்தாகல்ல, அது மாதிரியா?"

இதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று நான் தயங்கினேன். அம்மா முழங்கையால் இடித்தார். "சொல்லுடா. அவுக சொன்னாகல்ல, நாமளும் சொல்லணும்." சொன்னேன். லொரெட்டா குடையைத் தாழ்த்திவிட்டு அம்மாவின் அருகே வந்தார். இப்போதும் இருக்கிறதா என்று கேட்டார்.

"கடையில இல்ல. சில வீட்டுல இருக்கு" என்றார் அம்மா.

எங்களுடையது தலைமுறைகளாகக் கம்பத்தில் வேளாண்மை செய்துவரும் குடும்பம். அந்தத் தனிக் கிளாசில் டீ குடிக்க வேண்டிய நிலை எங்களுக்கு வந்ததில்லை. எங்கள் திராட்சைப் பந்தலில் கொடியைக் கவாத்து வெட்ட வருகிறவர்களுக்கு வந்திருக்கிறது. அதையும் லொரெட்டாவிடம் நானாகவே சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை, பரவாயில்லை என்று சமாதானம் சொல்லவும் இல்லை. "உன் அம்மாவை என் பக்கத்திலேயே நடக்கச் சொல்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். நான் இடையில் ஓடி ஓடி மொழிபெயர்த்தேன். ஒரு கஃபேயின் வெளிமேசையில் எல்லோரும் ஓய்வெடுத்தபோது அம்மா ஊர் விசாரிக்கத் தொடங்கினார். சொந்த ஊர் ஜார்ஜியா என்றார் லொரெட்டா. அதற்கு முன்னால் என்று கேட்டார் அம்மா. அதற்கு முன்னால் ஒரு கப்பல், அது ஆப்பிரிக்காவில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டது என்று யாருக்கும் தெரியாது என்றார் லொரெட்டா. அம்மாவால் இதை நம்ப முடியவில்லை. "குலசாமி எதுன்னு கேளு, அத வச்சுக் கண்டுபுடிச்சிறலாம்" என்றார். குலசாமியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? குடும்பத்தின் கடவுள் என்றேன். லொரெட்டா முகம் மலர்ந்து, "பாப்டிஸ்ட்!" என்றார். அது கிறிஸ்தவத்தில் ஒரு சபை என்று விளக்கினேன். "போடி கடைவீதியில சபைக்குப் போறாகளே, அவுக மாதிரியா? அது சரி. அவுகளும் கோயிலுக்குன்னு ஒரு ஊருக்குப் போவாகல்ல? சிவராத்திரி மாதிரி, வருசத்துல ஒரு நாளு எல்லாருமாக் கூடுறதுக்கு இவுக எங்கன போவாக?"

வருடத்தில் ஒருநாள் எங்கே போவீர்கள் என்று நான் கேட்டேன். லொரெட்டா யோசித்தார். முன்பெல்லாம் ஜார்ஜியாவில் என் அம்மாவின் கல்லறைக்குப் போவேன், இப்போது முழங்கால் வலியால் பயணம் குறைந்துவிட்டது, சனிக்கிழமைகளில் இங்கேதான் நடக்கிறேன் என்றார்.

"அப்ப இந்தக் கதவுகதான் அவுகளுக்கு" என்று அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அதன் பிறகு நின்ற ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் அவர் செருப்பைக் கழற்றாத குறையாக அடக்கமாக நின்றார்.

நடை முடிந்து மெட்ரோ நிலையத்தை நோக்கிப் போகும்போது அது நடந்தது. நான் அம்மாவின் பையைச் சுமந்துகொண்டு கடைசியாக வந்தேன். படிக்கட்டருகே நின்ற போலீஸ்காரர்களில் ஒருவர் என்னை மட்டும் கைகாட்டி நிறுத்தினார். "பப்பியே" என்றார். அடையாளத் தாள்கள். இங்கே தங்குவதற்கான என் வதிவிட அட்டை ஹோட்டலில் வேலைக் கோட்டின் பையில் இருந்தது. கைபேசியில் அதன் படத்தைக் காட்டினேன். படம் போதாது என்றார். பையைத் திறக்கச் சொன்னார். அம்மாவின் கம்பளி, தண்ணீர் பாட்டில், வாழைப்பழம் எல்லாம் வெளியே வந்தன. அம்மா என் பின்னால் வந்து நின்றுகொண்டார். எங்கள் கூட்டத்தினர் படிக்கட்டில் பாதி இறங்கிவிட்டிருந்தார்கள்.

லொரெட்டா திரும்பி மேலேறி வந்தார். அவருடைய பிரெஞ்சு, பிறந்ததிலிருந்து பேசியவர்களுடையதைப் போல இருக்கும். இவர் என்னோடு வந்தவர், ஹோட்டலில் வேலை பார்க்கிறவர் என்று அந்த பிரெஞ்சில் சொன்னார். போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும்தான் மதாம், உங்கள் தாள்களை எடுங்கள்" என்றார். அப்போது லொரெட்டா சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறினார். ஹோட்டலில் நான் தினமும் கேட்கிற, நீட்டி முழக்குகிற அமெரிக்க ஆங்கிலம். என்ன பிரச்சினை ஆபீசர், இந்தத் தம்பி எங்கள் விருந்தினர் என்று உரக்கச் சொன்னார். போலீஸ்காரரின் முகம் மாறியது. "ஆ, அமெரிக்கன்!" என்று சிரித்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நல்ல நாளாக அமையட்டும் என்றார். பையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

படியிறங்கும்போது லொரெட்டா குடையை ஊன்றிக்கொண்டார். "இந்த நாட்டு மொழியை அவர்களைப் போலவே பேச எத்தனையோ வருடம் பாடுபட்டேன். அப்படிப் பேசினால் என்னை ஏதோ ஆப்பிரிக்க நாட்டிலிருந்து வந்தவள் என்று நினைக்கிறார்கள். ஆப்பிரிக்கர்களிடம் பேசுகிற மாதிரியே என்னிடமும் பேசுகிறார்கள்" என்றார். அவரிடம் இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டும் உண்டு என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய பிறகும் நிறுத்துகிறார்களா என்று கேட்டேன். நிறுத்துகிறார்கள் என்றார். அம்மாவை அணைத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டுத் தன் ரயிலைப் பிடிக்கப் போனார். அம்மா கூச்சத்தில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

எங்கள் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. "நீ என்ன தப்புச் செஞ்ச?" என்றார் அம்மா. ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பாவும் செக்போஸ்டுல மலையாளம்தான பேசுவாக" என்றார்.

அப்பா உயிரோடு இருந்தபோது கம்பத்திலிருந்து கேரளாவில் இருக்கும் கட்டப்பனைச் சந்தைக்கு வேனில் காய்கறி கொண்டுபோவார். பள்ளி விடுமுறையில் நானும் போவேன். கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி மேலே போனதும் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அப்பா தலையை வெளியே நீட்டி, "சாரே, சுகம் தன்னே?" என்று மலையாளத்தில் ஆரம்பித்துவிடுவார். தடுப்புக் கட்டை உயர்ந்துவிடும். தமிழ் மட்டுமே தெரிந்தவர்களின் வண்டியில் மூட்டைகளைக் குத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அதே அப்பாவைச் சந்தையில் சுமை இறக்குகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் "பாண்டி" என்பார்கள், தமிழர்களை இளக்காரமாக அழைக்கும் பெயர் அது. அப்பாவுக்குக் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டார். தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நீ இந்த நாட்டுக்காரனாகுறதுக்கு எழுதிக் குடுத்திருக்கியாமே" என்றார் அம்மா திடீரென்று. மருமகள் சொல்லியிருக்கிறாள். ஆமாம் என்றேன்.

"நம்ம தோட்டத்துக்குப் பக்கத்து நெலம் வெலைக்கு வருது. ஒம் பேருல வாங்கலாமான்னு கேக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன். வெளிநாட்டுக்காரனாயிட்டா வெவசாய நெலம் வாங்க முடியாதாமே. ஒங்கண்ணன் விசாரிச்சுட்டான்."

"அப்பா தோட்டத்துல பங்கு வரும்மா. புதுசா வாங்கத்தான் முடியாது."

"இந்த நாட்டுக்காரனாயிட்டா பெறகு இவுக ஒன்னைய நிப்பாட்ட மாட்டாகளா?"

"நிப்பாட்டுவாகம்மா."

"பெறகு எதுக்குடா?"

"நிப்பாட்டலாம். நாட்டவிட்டுப் போன்னு சொல்ல முடியாது."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுரங்கத்தில் பார்ப்பதற்கு எதுவும் கிடையாது, கறுப்புச் சுவர்தான். நாங்கள் இறங்க வேண்டிய நிலையம் வந்து, எழுந்து நின்ற பிறகு சொன்னார். "அந்த நெலத்த ஒங்கண்ணனே எடுத்துக்கிறட்டும். நான் பேசிக்கிறேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. என்னோடு வெளியே வரும்போதெல்லாம் அட்டை எடுத்தாயா என்று மட்டும் கேட்டார்.

குடியுரிமை நேர்காணலில், இந்த நகரத்தில் உங்களுக்கு முக்கியமானவர்கள் யார் என்று ஓர் அம்மையார் கேட்டார். லொரெட்டா காட்டிய தெருக்களில் வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். "அவர்கள் அமெரிக்கர்கள் ஆயிற்றே" என்றார் குழப்பத்தோடு. ஆமாம், ஆனால் இங்கே வாழ்ந்தவர்கள் என்றேன். அவருக்கு அது சரியான பதிலாகப் பட்டதா என்று தெரியவில்லை. சில மாதங்களில் குடியுரிமை வந்தது. இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்தேன். ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். உங்களில் இதைச் செய்தவர்களுக்குத் தெரியும், அன்று நாள் முழுவதும் ஒன்றும் ஆகவில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டிருப்போம்.

இந்தத் தை மாதம், குடியுரிமை மாறிய பிறகு முதல்முறையாக ஊருக்குப் போனேன். மதுரை விமான நிலையத்தில் என்னோடு விமானத்தில் வந்தவர்கள் எல்லாம் ஒரு வரிசையில் சேர்ந்தார்கள். பழக்கத்தில் நானும் அதில் நின்றுவிட்டேன். ஊழியர் ஒருவர் என் கையிலிருந்த சிவப்புக் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "சார், திஸ் சைட்" என்று பணிவாகப் பக்கத்துக் கவுண்டரைக் காட்டினார். அங்கே வெளிநாட்டவர் என்று தமிழிலும் எழுதியிருந்தது. கவுண்டரில் ஆள் இல்லை, இப்போது வந்துவிடுவார் என்றார். பக்கத்து வரிசை மளமளவென்று கரைந்தது. கைபேசி அடித்தது. அண்ணனோடு கார் எடுத்து வந்து வெளியே காத்திருந்த அம்மா.

"எல்லாரும் வெளிய வந்துட்டாக. நீ எங்கன நிக்கிற?"

"வெளிநாட்டுக்காரங்க வரிசையிலம்மா."

அந்தப் பக்கம் விமான நிலைய வாசலின் இரைச்சல் கேட்டது.

"ஆளு நெறையா நிக்கிறாகளா?"

"இல்லம்மா. நான் மட்டுந்தான்."

"சரி, நில்லு" என்றார் அம்மா. "நானும் இங்கன நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."