ஜாயின்ட் போட்டோவில் இல்லாதவள்

சௌந்தரத்தை உட்காரச் சொல்லிப் பயனில்லை. கல்கத்தா லேக் கார்டன்ஸில் முப்பது வருடமாக இட்லி மாவு விற்கிறவள். ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறி இறங்கியிருப்பாளோ, அவளுக்கே தெரியாது. வங்காளிகள் இட்லி மாசி, அதாவது இட்லிச் சித்தி, என்பார்கள். யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டால் அவள் கண் வாசலுக்குப் போய்விடும். என் வீட்டில் காப்பியைக்கூட நின்றுகொண்டேதான் குடிப்பாள்.

அவள் புருஷன் மூக்கையா நேர் எதிர். துறைமுக டாக்கில் கிரேன் ஓட்டியவர். அவ்வளவு உயரத்தில் தனியாக உட்கார்ந்தே காலத்தைத் தள்ளியதாலோ என்னவோ, தரைக்கு இறங்கிய பிறகும் வாயைத் திறக்க மாட்டார். நாம் நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பாதிப் பதில் வரும். போன வருடம் காளி பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், அதே போலச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி கிடையாது.

ஓய்வு பெற்ற தொழிலாளி இறந்தால் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு. அதை வாங்கிக் கொடுப்பதுதான் தொழிலாளர் சங்கத்தில் என் வேலை. நானும் அதே டாக்கில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜெயக்குமார் கை வைத்த பேப்பர் திரும்பி வராது என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதில்தான் மண் விழுந்தது.

பென்ஷன் பிரிவில் குமாஸ்தா மூக்கையாவின் கோப்பைத் திறந்தார். சௌந்தரத்தைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு கோப்பை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஓய்வு பெறும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த ஜாயின்ட் போட்டோ ஒன்று கொடுக்க வேண்டும். பிற்பாடு மனைவி மட்டும் வந்து நிற்கும் நாளில் அதை வைத்துத்தான் அடையாளம் பார்ப்பார்கள். படத்தில் மூக்கையா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தது சௌந்தரம் இல்லை, சரோஜா.

சௌந்தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவளுக்கு இந்த விஷயமே தெரியாது. எனக்குத் தெரியும். யோசனையே என்னுடையது.

பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கதை. கரியாஹாட்டில் ஒரு ஸ்டுடியோ. அன்றைக்குள் பேப்பர் போய்ச் சேர வேண்டும். பதினோரு மணிக்கு வருகிறேன் என்ற சௌந்தரம் ஒரு மணியாகியும் வரவில்லை. பாலிகஞ்சில் யாரோ வளைகாப்புக்கு மாவு கேட்டார்கள் என்று ஓடியிருந்தாள். அந்த நேரம் பார்த்து சரோஜா ஜாக்கெட் துணி வாங்கத் தெருவில் போனாள். சங்கத்தில் இன்னொருவரின் மனைவி, எங்களுக்கெல்லாம் பழக்கம். யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள், ஒரு நிமிஷம் உட்காரம்மா என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன். மூக்கையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. சௌந்தரத்திடம் வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னோம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று அன்று சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

ஆதார் அட்டையைக் காட்டினோம். பெயர் சரிதான், ஆனால் படத்தில் இருப்பவர்தான் உண்மையான சௌந்தரமோ என்னவோ, எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். கேள்வி நியாயமானது. ஊர்க் கோயிலில் தாலி கட்டிய கல்யாணத்துக்கு என்ன சான்றிதழ் இருக்கிறது? அந்தப் பென்ஷன் வராவிட்டால் அவளால் குடியிருக்கும் அறையைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. இப்போது முழங்கால் தேய்ந்து, மாவு வாளியோடு முதல் மாடிக்கு மேல் ஏற முடியாத நிலை.

சரோஜா வந்து, படத்தில் இருப்பது நான்தான், மூக்கையாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். அவளும் இப்போது விதவை. பாலிகஞ்சில் மகனோடு இருக்கிறாள். முதல் தடவை போனபோது அழுதாள். இரண்டாம் தடவை, மகன் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்கிறான் என்றாள். அவளுக்கும் அதே அலுவலகத்திலிருந்துதான் பென்ஷன் வருகிறது. உண்மையைச் சொன்னால் அதுவும் நின்றுவிடும் என்று பயம். மூன்றாம் தடவை கதவே திறக்கவில்லை. சௌந்தரம் அப்படியும் விடாமல் தினமும் அந்தத் தெருவுக்குப் போய் எதிர் நடைபாதையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் நான் போய்த் தடுத்தேன்.

"பென்சன் கெடக்கட்டும்ணே," என்றாள். நடையை நிறுத்தவில்லை. "நாப்பத்தாறு வருசம். அவரு என்னைய ஒரு தடவயாச்சும் நிமிந்து பாத்திருந்தா, எம் பக்கத்துல இன்னொருத்திய ஒக்கார விட மனசு வந்திருக்குமா? நான் சோறு பொங்கிப் போட்ட ஆளு, அம்புட்டுத்தான்."

யோசனை என்னுடையது என்று அப்போதுதான் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் இல்லையா என்று மட்டும் கேட்டாள்.

பிப்ரவரியில் மேலதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டார். நாற்பது வயது வங்காளிப் பெண். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என்மேல் நடவடிக்கை எடுங்கள், இவளை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் கோப்பை முதல் தாளிலிருந்து புரட்டினார். சௌந்தரம் நாற்காலி நுனியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். அடியில் ஒரு தாளில் அதிகாரியின் விரல் நின்றது. இது என்ன எழுத்து, படியுங்கள் என்று என் பக்கம் நீட்டினார்.

மனைவியின் அடையாளங்களைக் குறிக்கும் தாள். மற்ற எல்லாப் பேப்பரையும் நான்தான் பூர்த்தி செய்தேன். இதை மட்டும் மூக்கையா வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்து கோப்பில் செருகியிருக்கிறார். தமிழில், கோணல்மாணலான எழுத்தில். அலுவலகத்தில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது, நானும் புரட்டிப் பார்க்கவில்லை. பதினெட்டு வருடமாக யாருமே படிக்காத தாள்.

படித்து இந்தியில் சொன்னேன். உயரம், என் தோளுக்கு நாலு விரல் கீழே. வலது முழங்கைக்குக் கீழே இட்லிச் சட்டி சுட்ட தழும்பு. சௌந்தரம் கையை நீட்டினாள். தழும்பு இருந்தது. அதிகாரி தன் புடவைத் தலைப்பை ஒதுக்கித் தன் கையைக் காட்டினார். அங்கேயும் ஒன்று இருந்தது. அடுப்படியில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் இது இருக்கும் மாசிமா, இதை வைத்து நான் எழுத முடியாது என்றார்.

அடுத்த வரியைப் படித்தேன். பின் கழுத்தில், முடி தொடங்கும் இடத்தில், வலப்பக்கம் கடுகளவு மச்சம் ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று சிறியது.

"எனக்கு அங்கிட்டு மச்சமே கெடையாதுண்ணே," என்றாள் சௌந்தரம்.

தமிழ் புரியாவிட்டாலும் அவள் தலையாட்டியது அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடிவிட்டார். இவ்வளவு தூரம் வந்து, தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பார்த்தால்தானே தெரியும், ஒரு தடவை பாருங்கள் மேடம் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன்.

அவர் எழுந்து வந்து கொண்டையை ஒதுக்கச் சொன்னார். சௌந்தரம் குனிந்தாள். அதிகாரி கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து அவள் கழுத்தைப் படம் பிடித்து, பெரிதாக்கி, அவள் கையில் கொடுத்தார். நரைத்த முடிக்கு அடியில் ஒன்று, அதற்குக் கீழே சிறியதாக இன்னொன்று.

சௌந்தரம் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். ஒரு கையால் பின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் தட்டுப்பட்டிருக்காது. அம்மா இல்லாமல் வளர்ந்தவள், விவரம் தெரிந்த நாளிலிருந்து தன் தலையைத் தானே பின்னிக்கொண்டவள். அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல யாரும் இருந்ததில்லை.

அதிகாரி கோப்பில் எழுத ஆரம்பித்திருந்தார். சௌந்தரத்தின் தனிப் படம் ஒன்று, அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்து, இந்தத் தாளின் மொழிபெயர்ப்பு, போதும் என்றார். சரோஜா வர வேண்டியதில்லை. நான் எழுந்து கும்பிட்டு, வா போகலாம் என்று சௌந்தரத்தைக் கூப்பிட்டேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மூக்கையா போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. போன் திரை இருண்டு போயிருந்தது.

"இத எப்படிண்ணே மறுபடி தொறக்குறது?" என்று கேட்டாள்.