நெய்க்குடத்தில் பிறந்த விஸ்வேஸ்வரன்

எங்கள் அக்கிரகாரத்தில் சந்தேகத்துக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் சுடப்பட்ட பிறகு அது இரட்டிப்பாயிற்று. பூணூல் போட்டு நாலெழுத்துப் படித்த வாலிபர்களையெல்லாம் போலீஸ் சந்தேகித்தது. புதுமுகம் எது வந்தாலும் அது போலீஸ் ஆள்தான் என்று நாங்கள் சந்தேகித்தோம். கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனில் இறங்கி ஆற்றைக் கடந்தால் எங்கள் தெரு. அந்தத் தெருவில் பிறந்து, ஆகாயத்தில் பறந்து, செத்து, மறுபடியும் பிறந்தவன் விஸ்வேஸ்வரன். இதில் எதையும் நான் ஜோடிக்கவில்லை.

அவன் எனக்கு ஷட்டகன். என் மனைவி ராஜலக்ஷ்மியின் தங்கை காமாக்ஷியை அவனுக்குத்தான் கொடுத்திருந்தது. தாய் தகப்பன் இல்லாதவனை அண்ணன் அனந்தநாராயணன் வளர்த்தான். அந்த அண்ணனைப் பற்றி எனக்கு அன்றும் நல்ல எண்ணம் இல்லை, இன்றும் இல்லை. விஸ்வேஸ்வரன் ரயில்வேயில் தந்தி அடிக்கக் கற்றுக்கொண்டான். அதிலிருந்து அவன் கை சும்மா இருந்ததே கிடையாது. கதவு, தூண், சாப்பிட உட்கார்ந்த பலகை, எதிலாவது தட்டிக்கொண்டே இருப்பான். காமாக்ஷி புக்ககம் வந்து அவனோடு வாழ்ந்தது சில மாதங்கள்தான். பகலில் புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அந்தக் காலத்துப் பெண்களுக்கு ஏது? முற்றத்தில் அவன் சொம்பைத் தட்டினால் சமையலறையில் இவள் சிரிப்பாளாம். அது அவள் பெயருக்கான தந்தி என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தட்டல்தான் அவனுக்கு வினையாயிற்று. ஹெட் கான்ஸ்டபிள் மந்திரமூர்த்தி ஒருநாள் அனந்தநாராயணன் வாசலில் வந்து நின்றார்.

"சாமி, இங்கன தந்தி படிச்ச பிள்ள ஒண்ணு இருக்காம்லா? யாருக்கு என்னத்த அடிக்காருன்னு தெரியணும். பைய வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவச் சொல்லும்."

பைய ஒரு வார்த்தை என்றது வாரம் தவறாத விசாரணையாக வளர்ந்தது. அவன் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விட்டான். வீடு பார்த்ததும் காமாக்ஷியைக் கூட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். அங்கே கப்பல் கம்பெனி ஒன்றில் கம்பியில்லாத் தந்தி கற்றான். காகிதம் வந்தது, பணம் வந்தது, வீடு மட்டும் கிடைக்கவில்லை. வருஷங்கள் போயின, ஐரோப்பாவில் சண்டையும் மூண்டது.

ஜெர்மன்காரன் கொழும்புக்குப் பக்கத்துக் கடலில் கண்ணிவெடி போட்டுவிட்டுப் போன சமயம், அவனைத் தேட இங்கிலீஷ்காரன் கப்பல் ஒன்று வந்தது. அதன் பின்பாதியில் கித்தான் கொட்டகை, கொட்டகைக்குள் ஆகாய விமானங்கள். விமானத்தைப் பளுதூக்கியால் தூக்கிக் கடலில் இறக்குவார்கள். அது தன் மிதவைகளில் ஓடி, தண்ணீரைவிட்டுக் கிளம்பி, சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கப்பலருகே வந்து இறங்கும். ஓட்டுகிறவன் முன்னால் உட்காருவான். பின்னால் இருப்பவன் கடலைப் பார்த்துக் கப்பலுக்குத் தந்தி அடிப்பான். பின்னால் உட்கார வேண்டியவன் காய்ச்சலில் விழுந்தான். அந்த இடத்தில் நம்மவனை உட்கார்த்தினார்கள். சட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. யுத்தத்தில் சட்டத்தை யார் பார்த்தார்கள்.

சில மாதம் பறந்தான். பிறகு ஒருநாள் மாலத்தீவுப் பக்கம் போன விமானம் திரும்பவில்லை. 'காணவில்லை, மரணமடைந்ததாகக் கருதப்படுகிறது' என்று ஊருக்குத் தந்தி வந்தது.

காணாமல் போனவனுக்குக் காத்திருக்க வேண்டும் என்று சாஸ்திரம் இருக்கிறது. பெரியவர்கள் சிலர் சொல்லியும் பார்த்தார்கள். அனந்தநாராயணன் கேட்கவில்லை. "சர்க்கார் தந்தி பொய் சொல்லுமா ஓய்?" என்றான். வீட்டில் பாதி தம்பியுடையது என்பதை நான் அப்போது நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை. தர்ப்பையால் உருவம் செய்து ஆற்றங்கரையில் எரித்தார்கள். பத்தாம் நாள் காமாக்ஷியின் தலைமுடியை எடுத்தார்கள். ராஜலக்ஷ்மி அன்று என்னோடு பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை.

சண்டை முடிந்த மறுவருஷம் தை மாதம், ஆற்றைக் கடந்து ஒருவன் வந்தான். கிராப்புத் தலை, கோட்டு, இடது கன்னம் முழுக்கத் தீக்காய வடு. கிட்டே போனால் விளக்கெண்ணெய் வாடை. நேரே அனந்தநாராயணன் வாசலில் நின்று, "அண்ணா, நான்தான்" என்றான்.

"சாயல் இருக்கு," என்றான் அண்ணன். "சாயலை நம்பி ஆத்துக்குள்ள விட முடியுமா?"

தெரு கூடிவிட்டது. எஞ்சினில் தீப்பிடித்துக் கடலில் விழுந்ததையும், மாலத்தீவுக்காரர்கள் தோணியில் காப்பாற்றியதையும் அவன் சொன்னான். அந்த எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்றும், வாடை கோட்டைவிட்டுப் போகவில்லை என்றும் சொன்னான்.

"வெளக்கெண்ணெய் குடிச்சா மனுஷனே எழுந்து நடமாட மாட்டான், மிஷின் பறக்கறதாம்," என்றான் அனந்தநாராயணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோத்திரம் சொன்னான், சூத்திரம் சொன்னான், தாத்தா பெயர் சொன்னான். போலீஸ் ஆளானால் இதெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரமாட்டானா என்றது தெரு. அவனைச் சத்திரத்தில் தங்கச் சொன்னார்கள். இரண்டொரு நாளில் மந்திரமூர்த்தி வந்து, "கொழும்புல இருந்து வந்த ஆளு யாருவே?" என்று சத்திரத்துக்காரனைக் கேட்டார். தன் ஆளைத் தெரியாத மாதிரி நடிக்கிறார் என்று எங்கள் சந்தேகம் இன்னும் தடித்தது.

ஆனால் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவன் விஸ்வேஸ்வரன் இல்லையென்றால் காமாக்ஷி ஆயுசுக்கும் மொட்டைத் தலையோடு தகப்பன் வீட்டு மூலையில் கிடக்க வேண்டும். அவன்தான் என்றால் அவள் சுமங்கலி. அதைச் சொல்ல அவளைவிட்டால் வேறு ஆள் இல்லை. அவள் தகப்பனார் கைலாசமையர் வீட்டு ரேழியில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். அவனும் வந்தான். உள்கதவு பாதி சாத்தியிருந்தது, பின்னால் அவள் நின்றாள்.

"குரலைக் கேட்டுச் சொல்லும்மா," என்றார் தகப்பனார்.

"தெரியல்லைப்பா. கரகரன்னு இருக்கு."

பிறகு கதவில் விரல் கணுவால் தட்டுவது கேட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒன்று. அதோடு நின்றுவிட்டது.

அவன் முகம் மாறியது. பக்கத்திலிருந்த சொம்பை இழுத்து வைத்துக்கொண்டு மீதியைத் தட்டினான். வெகுநேரம் தட்டியதாக எனக்குத் தோன்றியது. கண்ணில் நீர் வழிந்ததை அவன் துடைக்கவில்லை.

"அவர்தான்," என்றாள் காமாக்ஷி. "சந்தேகமே வேண்டாம்."

கைலாசமையர் குழந்தை மாதிரி அழுதார். அனந்தநாராயணன் தூணைப் பார்த்தான். எனக்கு அத்தனை சந்தோஷம். புரோகிதம் பண்ணும் வாத்தியார் உடனே சாஸ்திரத்தை எடுத்துவிட்டார். கர்மம் முடிந்தவன் உயிரோடு வந்தால் அவன் மறுபடி பிறக்க வேண்டும். நெய் நிரப்பிய குடத்தில் அவனை இறக்கி எடுத்து, ஜாதகர்மம், பெயர் சூட்டல், உபநயனம் எல்லாம் முதலிலிருந்து நடத்தி, கடைசியில் அதே பெண்டாட்டியை மறுபடி கல்யாணம் செய்துவைக்க வேண்டும். மனுஷன் முங்குகிற அளவு நெய்க்கு எங்கே போவது என்று பேச்சு கிளம்பியது.

"நான் ஒண்ணு கேக்கணும்," என்றாள் காமாக்ஷி, கதவுக்குப் பின்னாலிருந்தே.

"செத்துப்போனதா ஆத்துக்குத் தந்தி போனது ஒங்களுக்கு எப்போ தெரியும்?"

அவன் சொம்பைக் கீழே வைத்தான். "கப்பலுக்குத் திரும்பின அன்னிக்கே. காப்டன் சொன்னார்."

"விழுந்து எத்தனை நாளைக்கு அப்புறம்?"

"ஒரு மாசம் இருக்கும்."

"அதுக்கு மேல ரெண்டு வருஷம் ஆகப்போறது. இங்க எல்லாரும் எனக்கு என்ன பண்ணியிருப்பான்னு தெரியாதா?"

கைலாசமையர், "காகிதம் போட வசதியில்லையோ என்னவோம்மா" என்றார்.

"வசதி இருந்தது," என்றான் அவன். பொய் சொல்லத் தெரியாதவன், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். "எழுதினா வரச்சொல்லுவேள். வந்தா மறுபடி விடமாட்டேள். எனக்குப் பறக்கணும்னு இருந்தது."

"பறந்தேளா?"

"பறந்தேன்."

அவள் சொன்னாள்: "அப்பா, அவருக்குப் பிறக்கறது வரைக்கும் பண்ணிவையுங்கோ. கல்யாணம் வேண்டாம்."

யார் யாரோ கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நெய்க்குடம் பெரிய உருளியாகச் சுருங்கி, முங்குவது உடம்பெல்லாம் பூசுவதாகச் சுருங்கி, முப்பது வயசுக் குழந்தைக்கு விஸ்வேஸ்வரன் என்றே மறுபடி பெயரிட்டார்கள். அவன் தச்சநல்லூரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, திருநெல்வேலி ஸ்டேஷனில் தந்தி அடிக்கப் போனான். பிறகு அவன் பறக்கவும் இல்லை, கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. போலீஸ் கொஞ்ச நாள் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

அவள் செய்தது திமிர் என்று நான் ராஜலக்ஷ்மியிடம் சொன்னேன். அந்த மாதம் வழக்கம்போலத் தலை சிரைக்க நாவிதன் கைலாசமையர் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து குரல் கொடுத்தான். நானும் அன்று அங்கே இருந்தேன். காமாக்ஷி வெளியே வந்து முக்காட்டை இறக்கினாள். தலையில் அரை விரற்கடை முடி வளர்ந்திருந்தது.

"எங்காத்துக்காரர் உசிரோட இருக்கார். ஊரே ஒத்துண்டாச்சு," என்றாள். "இனிமே நீ வரவேண்டாம்."